மிதிப்பதற்கும் ஒரு முறை உண்டு!

(இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுதுவது)

"சைக்கிள் மிதிக்கிறதுக்குக்கூட ஒரு கட்டுரையா?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது நண்பர்களே! போன வருஷம் ஆடி மாதம் வரைக்கும் நானும் உங்களை மாதிரி சிரித்தவன்தான். அந்த ஆடி மாதம் என் இரண்டு முழங்கால்களும் சேர்ந்து எனக்குப் பாடம் நடத்தின. அந்தப் பாடத்தைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் இருந்து புளியங்குடி ரோட்டில் எட்டு கிலோமீட்டர். காலேஜ் நேரத்துக்குச் சரியான பஸ் கிடையாது. அதனால் முதல் வருஷத்தில் இருந்தே அப்பாவின் பழைய சைக்கிள்தான் எனக்கு வாகனம். அப்பா விசைத்தறி ஓட்டுபவர். இருபது வருஷம் அதே சைக்கிளில் தறிக்கூடத்துக்குப் போய் வந்தவர். "இந்தா, இனி உனக்கு" என்று துடைத்துக் கொடுத்தார். நானும் ராஜா மாதிரி ஏறி உட்கார்ந்தேன்.

நம்ம ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கே இருந்து அடிக்கிற காற்று அது. காலையில் கிழக்கே வரும்போது முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும், சுகம்! சாயங்காலம் மேற்கே திரும்பும்போது நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். இரண்டாம் வருஷ ஆடியில் அந்த எதிர்காற்றில் மிதித்து மிதித்து முழங்காலின் முன்பக்கம் வலி பிடித்துக்கொண்டது. முதலில் படி ஏறும்போது வலித்தது. பிறகு தரையில் உட்கார்ந்து எழுந்தாலே வலித்தது. ஒர்க்‌ஷாப்பில் நின்று அரம் போட முடியவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் லீவு. அட்டெண்டன்ஸ் குறைந்தது.

வீட்டில் அம்மாவுக்குக் கவலை. அப்பா ஒன்றும் பேசவில்லை. ஒரு நாள் ராத்திரி, வட்டிக்குப் பணம் வாங்கிப் பழைய மொபெட் ஒன்று எடுத்துக் கொடுக்கலாமா என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. தங்கச்சியின் பள்ளிக்கூடச் செலவே இழுபறியாக இருக்கிற வீடு எங்களுடையது. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அண்ணாச்சி கேட்ட கேள்வி

மறுநாள் காற்று அடிக்கப் பஜாரில் ஒரு சைக்கிள் கடையில் நின்றேன். கடைக்கார அண்ணாச்சிக்கு அறுபது வயசுக்கு மேல் இருக்கும். நான் நொண்டி இறங்குவதைப் பார்த்துவிட்டார்.

"ஏ தம்பி, முட்டி வலிக்கோ?"

"ஆமா அண்ணாச்சி."

"ஏறி நாலு மிதி மிதி. பாப்போம்."

மிதித்துக் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலையும் பார்க்கவில்லை. என் பாதத்தையே பார்த்தார்.

"ஊட்டில நான் சின்ன வயசுல ரெண்டு வருஷம் இருந்தேன். அங்க குதிரைக்காரன் சேணத்துல ஏறுன உடனே என்ன செய்வான் தெரியுமா? வளையத்துல காலை எங்க வைக்கான்? குழிக்காலையா வைக்கான்? முன்னங்காலைல்லா வைக்கான்! வளையத்துத் தோல்வாரை அவன் காலுக்குத் தக்கன ஏத்தி இறக்கிக் கட்டிக்கிடுவான். வேற ஆளு ஏறினா மறுபடி மாத்துவான். நீ இந்த சைக்கிளை வாங்கி ரெண்டு வருஷத்துல என்னத்த மாத்தின?"

நான் ஒன்றையும் மாற்றவில்லை. காற்று அடித்தேன், எண்ணெய் விட்டேன், அவ்வளவுதான்!

குதிரையிடம் கற்ற பாடம்

அண்ணாச்சி சொன்ன வளையத்துக்குத் தமிழில் அங்கவடி என்று பெயர். குதிரைச் சேணத்தின் இரண்டு பக்கமும் தொங்கும், சவாரி செய்பவர் காலை ஊன்றும் இரும்பு. நூலகத்தில் தேடிப் படித்தபோதுதான் அதன் பெருமை தெரிந்தது.

ஆதியில் குதிரை ஏறியவர்களுக்குக் கால் வைக்க இடமே கிடையாது. இரண்டு காலும் தொங்கும். கி.மு. 1-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சாஞ்சிச் சிற்பங்களில், பெருவிரலை மட்டும் நுழைத்துக்கொள்ளும் சிறிய வளையத்தை ஆராய்ச்சியாளர்கள் சுட்டிக் காட்டுகிறார்கள். வெறுங்காலோடு சவாரி செய்யும் வெப்ப நாட்டுக்கு அது பொருந்தியது. பூட்ஸ் போடும் குளிர்நாட்டுக்குப் பொருந்துமா? முழுப் பாதமும் நுழையும் ஜோடி அங்கவடி சீனாவில் கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் இருந்தது. அதன் பிறகு மேற்கே பரவியது. ஆக, ஆரம்பத்தில் இருந்தே காலுக்குத் தகுந்தபடிதான் அங்கவடி மாறி வந்திருக்கிறது.

இன்றைக்கும் குதிரையேற்றம் சொல்லித் தருபவர்கள் முதலில் கவனிப்பது பாதத்தைத்தான். அவர்களுடைய விதிகள் எளிமையானவை.

ஒன்று: பெருவிரலுக்குப் பின்னால் சதைப்பிடிப்பாக இருக்கும் முன்பாதம்தான் அங்கவடியின் மிதிபட்டையில் இருக்க வேண்டும். குதிகால் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும்.

இரண்டு: அங்கவடியின் அகலம் பூட்ஸைவிட ஒரு அங்குலம், அதாவது இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம், கூடுதலாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் விழும்போது கால் மாட்டிக்கொள்ளும். ரொம்ப அகலமாக இருந்தால் பாதம் முழுக்க உள்ளே நுழைந்துவிடும். இரண்டுமே உயிருக்கு ஆபத்து.

மூன்று: மிதிபட்டையில் வழுக்காத ரப்பர் போட வேண்டும்.

நான்கு: தோல்வாரின் நீளம் ஆளுக்கு ஆள் மாற வேண்டும். கைவிரல் நுனியை வார் மாட்டும் இடத்தில் வைத்து, அங்கவடியை அக்குள் வரை நீட்டிப் பார்ப்பார்கள். கை நீளமும் வார் நீளமும் ஒத்து வந்தால் ஏறக்குறைய சரி.

இந்த நாலும் அப்படியே நம்ம சைக்கிளுக்கும் பொருந்தும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கவடியில் கால் சும்மா ஊன்றி நிற்கிறது. பெடலிலோ கால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆகவே அங்கே ஒரு பங்கு தப்பு என்றால் இங்கே ஆயிரம் பங்கு!

ஒரு சின்னக் கணக்கு

மெக்கானிக்கல் படிக்கிறவன் கணக்குப் போடாமல் விடலாமா? என் சைக்கிளின் முன் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18 பல். சக்கரத்தின் விட்டம் 28 அங்குலம், அதாவது 71.1 செ.மீ. சுற்றளவு 2.23 மீட்டர். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் 44/18 = 2.44 சுற்று. அப்படியானால் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் நகர்வது ஏறக்குறைய 5.45 மீட்டர்.

எட்டு கிலோமீட்டருக்குச் சுமார் 1,470 சுற்று. போக வர 2,900-க்கு மேல். வருஷத்துக்கு 200 நாள் காலேஜ் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முழங்காலும் ஆறு லட்சம் தடவைக்குப் பக்கத்தில் மடங்கி நீள்கிறது! ஒரு தடவையில் கண்ணுக்குத் தெரியாத தப்பு, ஆறு லட்சம் தடவையில் வலியாக வந்து நிற்பதில் என்ன ஆச்சரியம்?

முதலில் சீட்டு, பிறகு பாதம்

என் சைக்கிளில் இருந்த முதல் குற்றம் சீட்டின் உயரம். அது அப்பாவின் உயரத்துக்கு வைத்தது. நான் அப்பாவைவிட அரையடி உயரம். சீட்டு தாழ்ந்திருந்தால், பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். அந்த மடங்கிய நிலையில்தான் நாம் பலம் கொடுத்து அமுக்குகிறோம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட்டு தாழ்வு, பின்பக்கம் வலித்தால் சீட்டு உயரம் என்பது சைக்கிள்காரர்களின் கைக்கணக்கு.

சரியான உயரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு வழி சொல்கிறேன்.

முதல் வழிக்கு டேப்கூட வேண்டாம். நண்பன் ஒருவன் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளட்டும். சீட்டில் நேராக உட்கார்ந்து, பெடலை அடியில் கொண்டுபோய், குதிகாலை அதன் மேல் வையுங்கள். இடுப்பு சாயாமல் கால் நேராக நீண்டால் உயரம் சரி. பிறகு முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் தானாகவே கொஞ்சம் மடங்கி நிற்கும். 25 முதல் 35 டிகிரி வரை மடக்கம் இருப்பது நல்லது.

இரண்டாவது வழி டேப் வைத்து. வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, தொடைகளுக்கு நடுவே ஒரு நோட்டுப் புத்தகத்தை மேல்நோக்கி அணைத்துப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பில் இருந்து தரை வரை அளந்தால் உள்கால் நீளம். 1967-இல் ஹாம்லி, தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள், உள்கால் நீளத்தை 1.09-ஆல் பெருக்கினால் வருவதே அடியில் இருக்கும் பெடலுக்கும் சீட்டின் மேல்பரப்புக்கும் நல்ல இடைவெளி என்று கண்டார்கள். என் உள்கால் 82 செ.மீ. பெருக்கினால் 89.4. என் சைக்கிளில் அளந்தால் 81! எட்டு செ.மீ. குறைவு. இரண்டு வருஷமாக நான் சைக்கிள் ஓட்டவில்லை, குந்த வைத்து மிதித்திருக்கிறேன்!

இரண்டு எச்சரிக்கை. சீட் பில்லரை ஆசைக்கு உருவிவிடாதீர்கள். இரண்டரை அங்குலமாவது குழாய்க்குள் இருக்க வேண்டும், பில்லரில் கோடு போட்டிருந்தால் அதைத் தாண்டக் கூடாது. அடுத்து, ஒரே நாளில் முழு உயரத்துக்கும் ஏற்றாதீர்கள். வாரத்துக்கு ஒரு செ.மீ. போதும். பஜாரில் அடிக்கடி நிறுத்தி இறங்குகிறவர்கள் ஒன்றிரண்டு செ.மீ. குறைத்தே வைத்துக்கொள்ளலாம். சீட்டில் உட்கார்ந்தபடியே தரையில் முழுப் பாதமும் பதிய வேண்டும் என்று நினைப்பதுதான் நாம் எல்லோரும் செய்யும் தப்பு. நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கப் பழகினால் போதும்.

அடுத்தது பாதம். குழிக்காலை வைத்து மிதித்தால் கணுக்கால் வேலை செய்யாது, பாரம் எல்லாம் முழங்காலுக்குப் போகும். முன்பாதம் பெடல் அச்சுக்கு மேலே இருக்கட்டும். அதற்காக விரல்நுனியில் மிதிக்கக் கூடாது, கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். பாதம் வெளிப்பக்கமோ உள்பக்கமோ இயல்பாக எப்படித் திரும்பி நிற்கிறதோ அப்படியே விடுங்கள். வலுக்கட்டாயமாக நேராக்கினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும்.

எந்தப் பெடல் வாங்கலாம்?

கடைக்குப் போய் "ஒரு பெடல் கொடுங்க" என்று கேட்பவர்கள்தான் நம்மில் பலர். எது நமக்கு ஏற்றது என்று பார்ப்போம்.

ரப்பர் கட்டைப் பெடல்: நம்ம அப்பாமார் சைக்கிளில் இருப்பது. வெறுங்காலுக்கும் செருப்புக்கும் இதமானது. ரப்பர் தேய்ந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். என் அப்பாவின் வலது கணைக்காலில் ஒரு தழும்பு உண்டு. எண்ணெய் பட்ட செருப்பும் தேய்ந்த ரப்பரும் சேர்ந்து கொடுத்த பரிசு அது. வரி தேய்ந்ததுமே மாற்றிவிடுங்கள்.

பிளாஸ்டிக் பெடல்: எடை குறைவு, விலை குறைவு. மேல்பரப்பு வழவழப்பாக இருந்தால் மழையில் ஆகாது. விரிசல் விட்டிருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். புள்ளிகள் எழும்பியிருக்கும் வகை தேவலாம்.

இரும்புப் பல் பெடல்: ஷூ போட்டால் கவ்விப் பிடிக்கும். மெல்லிய செருப்பில் உள்ளங்காலைக் குத்தும். தினமும் ஷூ போடுகிறவருக்கு மட்டும்.

அகலமான அலாய் பெடல்: பாதம் முழுவதையும் தாங்கும். நீண்ட தூரத்துக்கு நல்லது. விலைதான் கொஞ்சம் கையைக் கடிக்கும்.

பந்தயக்காரர்கள் காலைப் பெடலோடு வாரில் கட்டிக்கொள்கிறார்கள், சிலர் ஷூவையே பெடலில் மாட்டிக்கொள்கிறார்கள். மாடும் ஆட்டோவும் குறுக்கே வரும் நம்ம ரோட்டுக்கு அது வேண்டாம். சட்டென்று காலை எடுக்க வேண்டும். அங்கவடியில் அரை அங்குலம் இடம் விடச் சொன்னதும் இதற்காகத்தானே!

எதை வாங்கினாலும் மூன்று சோதனை. பாதத்தின் அகலத்துக்குப் பெடல் போதுமானதா? விரலால் சுற்றினால் ஆடாமல், கரகரக்காமல் சுற்றுகிறதா? வளையாத அச்சுதானா? அச்சு வளைந்த பெடல் ஒவ்வொரு சுற்றிலும் பாதத்தை இப்படியும் அப்படியும் திருகும். என் சைக்கிளின் இரண்டாவது குற்றம் அதுதான். இடது பெடலின் அச்சு வளைந்திருந்தது. இரண்டு வருஷமாக எனக்குத் தெரியவில்லை!

இடது பெடலின் ரகசியம்

பெடலை நானே கழற்றுகிறேன் என்று அண்ணாச்சியிடம் ஸ்பேனரை வாங்கினேன். வலது பெடல் கழன்றது. இடது பெடலோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். அண்ணாச்சி டீ குடித்து முடிக்கும் வரை சும்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்னத்த தம்பி படிக்க காலேஜ்ல? அது இடது மரைல்லா! நீ இறுக்கிக்கிட்டு இருக்க!"

வெட்கமாகப் போய்விட்டது. வலது பெடலுக்குச் சாதாரண மரை, இடது பெடலுக்கு எதிர் மரை. ஏன் தெரியுமா? ஒரு கை விரல்களால் தளர்வாக ஒரு வளையம் செய்து, அதற்குள் பென்சிலை விட்டு, வளையத்தின் ஓரத்தை அழுத்தியபடி வலம் சுற்றுங்கள். பென்சில் தன்னளவில் இடமாக உருளும். கிராங்கின் ஓட்டைக்குள் பெடல் அச்சு இப்படித்தான் நம்ம பாரத்தால் மெல்ல உருளப் பார்க்கும். இரண்டு பக்கமும் ஒரே மரை இருந்தால் இடது பெடல் ஓட ஓடத் தானே கழன்றுவிடும். விமானம் செய்த ரைட் சகோதரர்கள் அதற்கு முன் சைக்கிள் செய்து விற்றவர்கள். கழன்று விழாத பெடல் என்று 1900-இல் அவர்கள் விளம்பரம் செய்தது இந்த எதிர் மரையை வைத்துத்தான்.

ஞாபகம் வைக்க எளிய வழி: ஸ்பேனர் பிடி மேல்நோக்கி இருக்கட்டும். பின்சக்கரம் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலுமே கழலும். முன்சக்கரம் பக்கம் தள்ளினால் இரண்டுமே இறுகும். மாட்டும்போது மரையில் ஒரு சொட்டு கிரீஸ் வைத்து, முதலில் கையாலேயே சுற்றி ஏற்றுங்கள். கோணலாக ஏறினால் கிராங்கே வீணாகிவிடும்.

மூன்று கோடுகள்

அன்றைக்கு எனக்கு ஆன செலவு ஒரு ஜோடி ரப்பர் பெடல் மட்டும்தான். சீட் பில்லர் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்து, மறுநாள் அப்பாவும் நானும் சேர்ந்து திருகி எடுத்தோம். வாரம் ஒரு செ.மீ. வீதம் ஏற்றினேன். புரட்டாசி பிறக்கும்போது படி ஏறுவதில் வலி இல்லை. தீபாவளிக்குள் வலியே மறந்துவிட்டது. எல்லா முழங்கால் வலிக்கும் சீட்டுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வீக்கம் இருந்தாலோ, சரிசெய்த பிறகும் வலி தொடர்ந்தாலோ டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் டாக்டரிடம் போகும் முன் ஒரு தடவை சைக்கிளையும் பாருங்கள்.

மொபெட் பேச்சு அதோடு நின்றது. வட்டியும் மிச்சம்.

அப்பாதான் ஒரு விஷயம் சொன்னார். தாத்தா கைத்தறி நெய்தவர். புதுத் தறியில் உட்கார்ந்தால் முதல் வேலையாக மிதிபலகையின் கயிற்றை அவிழ்த்துத் தன் காலுக்குத் தக்கபடி கட்டிக்கொள்வாராம். "நாள் முச்சூடும் மிதிக்கிற கால் அது. அதுக்கு மரியாதை கொடுக்கணும்னு சொல்லுவாரு. நான்தான் சைக்கிள்ல அதை மறந்துட்டேன்" என்றார். செருப்புக்காகக் காலைத் தறிப்பதா என்று பழமொழி கேட்கிறது. நாம் அதைத்தான் தினமும் செய்கிறோம். கடையில் வாங்கிய உயரத்திலேயே சீட்டு, வந்த பெடலிலேயே கால். பிளஸ் ஒன்னில் கிடைத்த இலவச சைக்கிளை இன்னும் ஓட்டும் நண்பர்கள், தங்கைகள் நம்மிடையே எத்தனையோ பேர். அப்போதைய உயரமா உங்களுக்கு இப்போது? வளர்ந்துவிட்டீர்கள், சீட்டு வளரவில்லை!

இப்போது எங்கள் வீட்டுச் சைக்கிளின் சீட் பில்லரில் அரத்தால் லேசாக இழுத்த மூன்று கோடுகள் இருக்கின்றன. மேலே உள்ளது எனக்கு. நடுவில் அப்பாவுக்கு, ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு அவர்தான் எடுத்துப் போகிறார். அடியில் உள்ளது தங்கச்சிக்கு. ஏறுகிறவர் தன் கோட்டுக்கு மாற்றிக்கொண்டுதான் ஏற வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். மாற்றுவதற்கு ஒரு ஸ்பேனரும் ஒரு நிமிஷமும் போதும்.

நண்பர்களே, இந்த மலரை மூடி வைத்ததும் ஸ்டாண்டுக்குப் போங்கள். உங்கள் சைக்கிளில் ஏறி, குதிகாலைப் பெடலில் வைத்துப் பாருங்கள். கால் நீளவில்லையா? ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் இருக்கிறது. இடது பெடலை மட்டும் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று மறந்துவிடாதீர்கள்!